கடல் இன்னும் வாங்கலை

இரண்டு ராத்திரியும் ஒரு பகலும் விடாமல் கொட்டிய மழை, கார்த்திகை அமாவாசைக்கு மறுநாள் விடியலில் ஓய்ந்திருக்கிறது. திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, வேதாரண்யம் சாலையை விட்டுக் கிழக்கே இறங்கும் மண்பாதையில் ஒரு சின்ன மதகுப் பாலம். அதன் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருப்பவருக்கு வயலும் தெரியும், வடிகாலும் தெரியும். இன்றைக்கு இரண்டுக்கும் வித்தியாசம்தான் தெரியவில்லை. எல்லாம் ஒரே மட்டத்தில், கலங்கிய ஒரே நிறத்தில் கிடக்கிறது. வரப்பில் நிற்கும் தென்னைகளை வைத்து எது யாருடையது என்று யூகிக்கலாம். அவையும் ஒரே வயதுப் பிள்ளைகள். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறியபோது பழைய மரமெல்லாம் படுத்துவிட்டது. இவை அதற்கப்புறம் வைத்தவை.

கடைமடை என்பார்கள் இந்தப் பக்கத்தை. மேட்டூரில் திறக்கும் தண்ணீர் கல்லணையில் வெண்ணாறாகப் பிரிந்து, அடப்பாறு, முள்ளியாறு, அரிச்சந்திரா நதி என்று கிளைத்துக் கிளைத்துக் கடைசியில் வந்துசேரும் ஊர்கள். வேண்டும்போது தண்ணீர் இங்கே கடைசியாக வரும். வேண்டாதபோது மேலே உள்ள அத்தனை ஊர்த் தண்ணீரும் இங்கேதான் வந்து நிற்கும். ஜூன் 12 மேட்டூர் திறக்கும் தேதி என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். 2024-ல் அந்தத் தேதியில் அணை திறக்கவில்லை. ஜூலைக் கடைசியில்தான் ஷட்டர் ஏறியது. 2023-ல் சரியாக ஜூன் 12-ல் திறந்தும் குறுவை பல இடங்களில் பாதியில் காய்ந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் அறுவடைக்கு நின்ற கதிர் மழையில் சாய்ந்தது. 2021 ஜனவரியிலும் அதே கதை. ஆடியில் விதை, தையில் அறு என்ற கணக்கை ஊர் இன்னும் விடவில்லை. மழை விட்டுவிட்டது.

பாலத்துக்கு மேற்கே மூன்று வயல்கள் படிப்படியாக இறங்குகின்றன. படி என்றால் ஒரு ஜாண்கூட இராது. இந்த ஊரில் மேடு பள்ளம் கண்ணுக்குப் புலப்படாது, தண்ணீர்தான் கண்டுபிடித்துச் சொல்லும். மேலே இருப்பது கோயில் நிலம், குத்தகைக்கு 9 மா. மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். நடுவில் இருப்பது கொஞ்சம் பெரியது. கீழ்க்கோடியில், வடிகாலை ஒட்டி, ஒரு நீளத் துண்டு. மூன்றுக்கும் தனித்தனி வாய்க்கால் கிடையாது. மேல் வயலில் பாய்ந்த தண்ணீர்தான் நடு வயலுக்குப் போகும், நடு வயல் தண்ணீர்தான் கீழ் வயலுக்கு. டெல்டாவில் பல இடங்களில் இன்னும் இப்படித்தான். வயலுக்கு வயல் பாய்ச்சல்.

மேல் வயல் வரப்பில் ஒரு பெண் வருகிறார். ஐம்பது வயதிருக்கலாம். புடவைக்கு மேல் வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, தோளில் மண்வெட்டி. வரப்பு தண்ணீருக்குள் இருப்பதால் காலால் தடவித் தடவி நடக்கிறார். ஓரிடத்தில் நிற்கிறார். கால் கட்டைவிரலை எதிலோ விட்டுப் பார்க்கிறார். பிறகு குனிந்து கையை விடுகிறார், முழங்கை வரைக்கும். கை வெளியே வரும்போது விரல்களுக்கிடையில் ஒரு வயல் நண்டு. ஓடு சேற்று நிறம், கொடுக்கு மட்டும் கொஞ்சம் மஞ்சள். அதைத் தூக்கித் தன் வயலுக்குள்ளேயே எறிகிறார். வளையில் வைக்கோலைத் திணித்து, களிமண்ணை உருட்டி மேலே வைத்து, குதிகாலால் மிதிக்கிறார். மிதித்த இடத்திலிருந்து குமிழி வருகிறதா என்று கொஞ்ச நேரம் பார்க்கிறார். இரண்டு குமிழி வருகிறது. இன்னொரு உருண்டை மண்.

"அத்தாச்சி, அதைக் கொழம்பு வைக்காம மறுபடி வயல்லயே விடுறீங்களே."

நடு வயல்காரர். முப்பத்தைந்துக்குள் இருக்கும். சிங்கப்பூரில் கட்டட வேலை பார்த்துத் திரும்பியவர் என்பது அவர் சட்டைக்கு மேல் போட்டிருக்கும், பட்டை பட்டையாக ஒளிரும் கையில்லாத மேலங்கியில் தெரிகிறது. மழைக் குளிருக்கு அது உதவாது. பழக்கம்.

"ராத்திரி பூரா ஒங்க தண்ணி எனக்குத்தான் எறங்கிருக்கு. வரப்பெல்லாம் சல்லடையாக் கெடக்கு."

"நண்டு யாரு வரப்புன்னு பாத்தா தோண்டுது? முன்ன ஒங்க பக்கமும் இருந்துச்சுல்ல. குருணை மருந்தப் போட்டுப் போட்டு அங்க ஒண்ணுமில்லாமப் போச்சு. இருக்குறதெல்லாம் எங்கிட்ட வந்து குடியிருக்கு."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

இருவரும் சிரிக்கவில்லை. ஆனால் சண்டையும் இல்லை.

இயற்கை விவசாய மேடைகளில் மண்புழு பேசப்படுகிறது, தட்டான் பேசப்படுகிறது, சிலந்தி பேசப்படுகிறது. நண்டு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மருந்தை நிறுத்திய வயலுக்கு உயிர் திரும்பி வரும்போது நமக்குப் பிடித்த உயிர் மட்டும் பொறுக்கி வருவதில்லை. இந்தப் பெண்ணின் வயலில் இப்போதே பார்க்கலாம்: இலைக்கு இலை இழுத்த நூலாம்படையில் மழைத்துளி, தாள் நடுவே தவளைக் குஞ்சுகள், தலைக்கு மேலே தட்டான், வரப்புக்குள் நண்டு. நடு வயலில் தண்ணீரும் பயிரும் மட்டும்.

மேல் வயலில் நிற்பது காட்டுயானம். ஆறு மாதப் பயிர், ஏழடி வரைக்கும் போகும். ஆடியில் நேரடியாக விதைத்தது. தண்ணீர் தொடை அளவு நிற்க, அது நெஞ்சளவில் தலையை வெளியே வைத்துக்கொண்டு நிற்கிறது. ஓரமாக ஒரு பாத்தியில் கொஞ்சம் உயரம் குறைந்த இன்னொரு நெல். அதுவும் நாட்டு ரகம்தான், விதைக்காக விட்டிருக்கிறார் போல; கயிறு கட்டிப் பிரித்து வைத்திருக்கிறது.

நடு வயலில் தெரிவது நுனிகள் மட்டும். நட்டு ஒரு மாதம்கூட ஆகாத சி.ஆர்.1009. இளைஞர் தண்ணீருக்குள் இறங்கி ஒரு குத்தைப் பிடுங்குகிறார். வேரை அலசிப் பார்க்கிறார். பழுப்புக்கு நடுவே ஒன்றிரண்டு வெள்ளை வேர். குருத்தைப் பிடித்து மெதுவாக இழுக்கிறார். குருத்து கையோடு வந்தால் பயிர் போய்விட்டது என்று அர்த்தம். வரவில்லை. நாலெட்டு தள்ளி, பள்ளமான இடத்தில் இன்னொரு குத்து. அதில் வந்துவிடுகிறது. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு எறிகிறார்.

"சப்-1 தானேப்பா?"

"ஆமா, டிப்போ வெதை. ரெண்டு வாரம் தாங்கும்னாங்க. மூணு நாளைக்கு முந்திதான் யூரியா வேற போட்டேன்."

"அது எனக்கு வந்திருக்குமோன்னு பயந்தேன். நல்ல வேளை, நான் மேல இருக்கேன்."

முழுகிய நெல்லுக்கு முதல் பிரச்சினை மூச்சு. வாயுக்கள் காற்றில் நகர்வதைவிட ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகத்தான் தண்ணீரில் நகரும். கலங்கல் வெயிலை மறைப்பதால் பயிரால் புதிதாக உணவு செய்துகொள்ளவும் முடியாது. சாதாரண ரகங்கள் அந்த நேரத்தில் சேமிப்பை எல்லாம் செலவழித்து, எப்படியாவது தலையை வெளியே நீட்டப் பார்க்கும். பத்து நாள் கழித்துத் தண்ணீர் வடிந்தால் கையில் ஒன்றுமில்லாமல் துவண்டு விழும். ஒடிசாவின் தாழ்நிலங்களில் விவசாயிகள் வழிவழியாக வைத்திருந்த ஒரு நாட்டு நெல்லுக்கு வேறு புத்தி. முழுகியதும் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு அடங்கிக் கிடக்கும். இரண்டு வாரம் வரைக்கும் தாக்குப்பிடித்து, வடிந்த பிறகு துளிர்க்கும். அந்தக் குணத்துக்குக் காரணமான சப்1ஏ மரபணுவை 2006-ல் ஆய்வாளர்கள் அடையாளம் காட்டினார்கள். மரபணு மாற்றுப் பயிராக இல்லாமல், கலப்பினச் சேர்க்கை வழியாகவே அதை ஸ்வர்ணா என்ற நெல் ரகத்தில் ஏற்றினார்கள். அந்த வரிசையில் நம் பக்கத்து சி.ஆர்.1009-க்கும் அது வந்துசேர்ந்தது.

எழுந்து நிற்கும் நெல் ஒன்று, அடங்கிக் கிடக்கும் நெல் ஒன்று. கருத்தரங்குகளில் இவை இரண்டும் எதிரெதிர்க் கட்சி. ஆய்வுக்கூட விதை என்றால் ஒரு தரப்புக்கு ஆகாது, பாட்டன் விதை என்றால் இன்னொரு தரப்புக்குச் சிரிப்பு. வயலில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே தண்ணீரில் நிற்கின்றன. இரண்டுக்கும் மூலம் யாரோ ஒரு விவசாயி வீட்டுக் குதிர் என்பது அந்தச் சண்டையில் யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

இந்த வட்டாரத்தில் அந்தக் குதிர்களைத் தேடிப் போனவர் நெல் ஜெயராமன். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்து ஆதிரெங்கத்தில் 2006-ல் நெல் திருவிழாவைத் தொடங்கினார். 2 கிலோ விதை வாங்கிப் போகிறவர் அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். வட்டி இல்லை, ரசீதும் பெரிதாக இல்லை. அப்படியே 174 பாரம்பரிய ரகங்கள் வரை மீட்டார். உப்பு மண்ணைத் தாங்கும் களர்பாளையும் வேதாரண்யத்துக் குடவாழையும் அதில் உண்டு. கஜா அடித்து 20-ஆம் நாள், 2018 டிசம்பர் 6 அன்று அவர் இறந்தபோது, விதை வாங்கியவர்களில் பலர் வீட்டில் கரண்டுகூட வந்திருக்கவில்லை.

கீழ் வயல்காரர் வந்துவிட்டார். எழுபதைத் தாண்டியவர். குடை, கையில் அரிவாள், காலில் ஒன்றுமில்லை. வந்தவர் யாரிடமும் பேசவில்லை. தன் வயலுக்கும் வடிகாலுக்கும் நடுவில் உள்ள வாமடை அருகே போய்க் குந்துகிறார். ஒரு வைக்கோல் துரும்பைக் கிள்ளித் தண்ணீரில் போடுகிறார். துரும்பு கொஞ்சம் யோசிக்கிறது. பிறகு வடிகால் பக்கமிருந்து வயலுக்குள் போகிறது.

"பெரியப்பா, வாமடைய வெட்டிவிடுங்க. ஒங்க வழியா எறங்குனாத்தான் எனக்குக் கொறையும்."

"வெட்டுறேன். வெட்டுனா எங்க போவும்? வடிகால் எனக்கு ஏறிக்கிட்டிருக்கு. துரும்பு எந்தப் பக்கம் போவுதுன்னு நீயே பாரு."

"அப்ப எங்க ரெண்டு பேரு தண்ணி?"

"ஒங்க தண்ணி ஒங்களுக்கு. எம் பயிரு எழுபது நாளு. கதிரு உருளுற நேரம். இன்னும் நாலு விரக்கடை ஏறுனா நான் கோயிலுக்குத்தான் போவணும்."

"மாமா, இப்பவே வெட்ட வேணாம். மொதல்ல வடிகாலைப் பாப்போம்" என்கிறார் பெண்.

பெரியவர் பார்வை போகும் திசையில்தான் விஷயம் இருக்கிறது. மதகுப் பாலத்தின் மேல்பக்கம் முழுக்க வெங்காயத்தாமரை. நல்ல பச்சை, நடுநடுவே ஊதாப் பூ. மேலிருந்து வந்த தண்ணீரெல்லாம் அதில் மோதிப் பின்வாங்குகிறது. பாலத்தின் கீழ்ப்பக்கம் மட்டம் ஒரு முழம் குறைவு.

சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இயற்கை அங்காடியில் காட்டுயானம் அரிசி எடுப்பவரிடம் அதன் மருத்துவ குணம் பற்றி ஒரு துண்டுச்சீட்டு தருகிறார்கள். சர்க்கரைக்கு நல்லது, எலும்புக்கு நல்லது. அந்த அரிசி ஒரு வாய்க்காலை நம்பி விளைகிறது என்று எந்தச் சீட்டிலும் இல்லை. தனி ஒருவர் தன் 9 மாவில் யூரியாவை நிறுத்தலாம், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழலாம், நொச்சியும் எருக்கும் வேம்பும் இடித்து ஊறவைத்துத் தெளிக்கலாம். அதெல்லாம் அவர் வரப்புக்குள் முடியும். வெள்ளத்துக்கு வரப்பு கிடையாது. மேல் வயலாக இருப்பதால் இந்தப் பெண்ணுக்கு அடுத்த வயல் மருந்துத் தண்ணீர் வரவில்லை. அவரே நடு வயலில் இருந்திருந்தால் சான்றளிப்புக்கு வருகிறவர், பக்கத்து ரசாயனம் வராமல் என்ன தடுப்பு வைத்திருக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பார். வயலுக்கு வயல் பாயும் ஊரில் அதற்கு என்ன பதில் சொல்வது? விதையைப் பற்றி நாம் பேசியிருக்கும் அளவுக்கு வடிகாலைப் பற்றிப் பேசியதில்லை. எனக்குத் தெரிந்து வடிகாலுக்குத் திருவிழா எடுத்தவர் யாருமில்லை.

நெல்வயலில் தண்ணீரை எப்போதும் கட்டி வைக்காதே, காய்ச்சலும் பாய்ச்சலுமாக விடு, மீத்தேன் குறையும், தண்ணீரும் மிச்சம் என்று வேளாண் பல்கலைக்கழகம் சொல்லிக்கொண்டிருக்கிறது. சரியான பேச்சுதான். குறுவைக்குப் பொருந்தும். கார்த்திகையில் கடைமடைக்காரரிடம் போய் வயலைக் காய விடுங்கள் என்று சொல்லத் தைரியம் வேண்டும்.

ஸ்கூட்டி ஒன்று வழுக்கி வழுக்கி வந்து பாலத்தில் நிற்கிறது. வேளாண்மைத் துறையிலிருந்து ஒரு இளம்பெண். மழைக்கோட்டு, கையில் ஒரு நோட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்ட செல்போன். முகத்தில் காலையிலிருந்து ஐந்தாறு ஊர் பார்த்த களைப்பு.

"அய்யா, யாரு யாரு இன்சூரன்ஸ் கட்டிருக்கீங்க?"

சம்பாவுக்குக் காப்பீடு கட்டக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. இளைஞர் கட்டியிருக்கிறார். பெரியவர் கட்டியிருக்கிறார். பெண் கட்டவில்லை, அடங்கல் வாங்க அலைந்த கதையைச் சொல்ல ஆரம்பித்து, கோயில் நிலம் என்ற இடத்தில் தானே நிறுத்திக்கொள்கிறார். கேட்பவருக்கும் தெரிந்த கதை.

செல்போனில் படம் எடுக்கப்படுகிறது. நடு வயல், நுனிகள். கீழ் வயல், பாதி. மேல் வயலை நோக்கிப் போனைத் தூக்கியவர் இறக்கிவிடுகிறார்.

"அம்மா, ஒங்க பயிர் நல்லாத்தானே நிக்குது."

"நிக்குது மேடம். வடிஞ்சப்பறம் எத்தனை நிக்கும்னு தெரியாது. அடி அழுகிட்டா இந்த ஒசரத்துக்கு ஒரு காத்து போதும், படுத்துரும்."

"இப்போதைக்கு முப்பத்து மூணு சதவீதத்துக்கு மேல பாதிப்பு இருந்தாத்தாம்மா எழுத முடியும். படுத்துச்சுன்னா சொல்லுங்க, வர்றேன்."

"அப்ப நான் முழுகுற நெல்லாப் போட்டிருக்கணும்."

அந்தப் பெண் அலுவலர் இதற்கு என்ன சொல்வார்? ஏதோ எழுதுவது போல நோட்டைப் பார்க்கிறார். பேரிடர் நிவாரணத்துக்கு 33 சதவீதம் என்பது அவர் போட்ட விதி இல்லை. காப்பீட்டிலோ தனி வயல் கணக்கு பெரும்பாலும் இல்லை. கிராமத்துக்கு நாலு இடத்தில் அறுத்துப் பார்த்து வரும் சராசரிதான் எல்லோருக்கும். வெள்ளத்தைத் தாங்கும் பயிரைப் போடு என்று அரசின் ஒரு கை பத்து வருடமாகச் சொல்கிறது. தாங்கியவருக்குக் கொடுக்க இன்னொரு கையில் ஒன்றுமில்லை. நாட்டு ரகத்துக்கு விளைச்சல் வேறு குறைவு. இளைஞருக்கு நல்ல வருடத்தில் ஏக்கருக்கு 35 மூட்டை கண்டால் மேல் வயல் பெண்ணுக்கு 18 என்று பேச்சில் வருகிறது. விலையில் சரிக்கட்டலாம், வாங்க ஆள் வந்தால்.

"வடிஞ்சதும் யூரியா, ஜிப்சம், வேப்பம்புண்ணாக்கு மூணையும் கலந்து ஒரு ராத்திரி வச்சிருந்து போடுங்க" என்று இளைஞரிடம் சொல்கிறார் அலுவலர்.

"வடியணுமே மேடம்."

"அது நீர்வளத் துறைங்க." ஸ்கூட்டியைத் திருப்புகிறார். பிறகு, நிறுத்திவிட்டு, "பொக்லைன் தலைஞாயிறு பக்கம் நிக்குது. சாயந்தரம் வரலாம். நானும் சொல்லிப் பாக்குறேன்" என்கிறார். சொல்லிப் பார்ப்பார் என்றுதான் தோன்றுகிறது.

சாயந்தரம் என்ற சொல்லைக் கேட்டதும் பெரியவர் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டுகிறார்.

அரை மணி நேரத்தில் ஏழெட்டுப் பேர் சேர்ந்துவிட்டார்கள். மேலே இன்னும் இரண்டு மூன்று வயல்காரர்கள், டியூஷன் இல்லாத இரண்டு பையன்கள், நூறு நாள் வேலைக்குப் போகக் கிளம்பி மழையால் திரும்பிய மூன்று பெண்கள். யாரும் யாரையும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. குடிமராமத்து என்று ஒரு காலத்தில் இதற்குப் பெயர்; 2017-ல் அரசு அதே பெயரில் ஒரு திட்டம் போட்டு ஏரி குளம் தூர்வாரியது. இந்த வாய்க்காலுக்குத் திட்டம் வந்ததோ இல்லையோ, இப்போது இறங்கியிருப்பவர்கள் அதற்குக் காத்திருக்கவில்லை.

வெங்காயத்தாமரையை இழுப்பது சாமானிய வேலை இல்லை. மேலே இலை இலகுவாகத் தெரியும். அடியில் முழ நீளத்துக்குக் கறுப்பு வேர், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, சேற்றையும் சேர்த்துப் பிடித்திருக்கும். முதலில் கையால் இழுக்கிறார்கள்; தழை வருகிறது, வேர் நிற்கிறது. பெரியவர் சொல்படி இரண்டு பேர் அரிவாளால் பாளம் பாளமாக அறுக்கிறார்கள். அறுத்த பாளத்துக்குக் குறுக்கே மூங்கிலைச் செருகி, கயிறு கட்டி, கரையிலிருந்து நாலு பேர் இழுக்கிறார்கள். பாளம் சரிந்து கரையேறுகிறது. அதிலிருந்து உதிர்வன: தெர்மாகோல் துண்டு, உரச்சாக்கு, பூச்சிமருந்து டப்பா இரண்டு, டாஸ்மாக் பாட்டில், பிள்ளைகளின் ஒற்றைச் செருப்பு, பிறகு நிதானமாக ஒரு தண்ணீர்ப் பாம்பு. பெண்களில் ஒருத்தர் கூச்சலிட, பையன் அதை வாலைப் பிடித்து அந்தப்பக்கம் எறிகிறான்.

மருந்து டப்பாவை மேல் வயல்காரப் பெண் காலால் ஒதுக்குகிறார். யாரையும் பார்த்து எதுவும் சொல்லவில்லை. இளைஞர் தானே குனிந்து எடுத்துச் சாக்கில் போடுகிறார்.

"தழைய ரோட்டோரம் போடாதீங்க. எம் பக்கம் தள்ளுங்க" என்கிறார் பெண்.

"எதுக்கு?"

"எருக்குழிக்கு. சாணியும் மண்ணும் போட்டு மூடி வச்சா மூணு மாசத்துல மக்கிரும்."

"வெங்காயத்தாமரைய வயல்ல போட்டா வயல்லயும் மொளைக்கப் போவுது அத்தாச்சி."

"நல்லாக் காய வச்சுத்தான் போடுவேன். நீ இழு."

பத்தாவது பாளமோ பதினோராவதோ, பாலத்துக்கு அடியில் திடீரென்று ஒரு சத்தம். கட்டிக்கிடந்த தண்ணீர் ஓட்டை கண்டுவிட்டது. மேல்பக்கத்துத் தழை மொத்தமாக அசைகிறது. பெரியவர் எல்லோரையும் கரையேறச் சொல்லிக் கத்துகிறார். ஒரு பாளம் தானாகவே பிய்த்துக்கொண்டு மதகுக்குள் நுழைந்து, சிக்கி, மூங்கிலால் இரண்டு குத்து வாங்கி, அந்தப் பக்கம் போய் விழுகிறது. அதன் பிறகு கால் மணி நேரம் தண்ணீர் நன்றாகவே ஓடுகிறது. கைப்பிடிச் சுவரின் அடியில் ஈரக்கோடு விழ ஆரம்பிக்கிறது. ஒரு விரல், இரண்டு விரல். பெரியவர் போய் வாமடையில் மறுபடி துரும்பு போடுகிறார். இம்முறை துரும்பு இருந்த இடத்திலேயே நிற்கிறது. அதுவே அவருக்குப் போதுமானதாக இருக்கிறது. வெற்றிலை பாக்கை எடுக்கிறார்.

டீ வருகிறது, வாளியில். முறுக்கும் வருகிறது. யார் காசு என்று தெரியவில்லை.

முதலில் கவனிப்பது பையன்தான். "தண்ணி நின்னுருச்சு."

நின்றுதான் விட்டது. மதகின் இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் இப்போது ஒரே மட்டம். தழை இல்லை, அடைப்பு இல்லை, ஓட்டமும் இல்லை.

"லஸ்கருக்குப் போன் போடு."

கடலோர ஷட்டரைப் பார்த்துக்கொள்ளும் ஊழியர்தான் லஸ்கர். இளைஞர் ஸ்பீக்கரில் போடுகிறார். அந்தப் பக்கம் காற்றுச் சத்தம், அதற்குள் ஒரு குரல்.

"ஷட்டர் எறக்கித்தாம்ப்பா இருக்கு. கடல் இன்னும் வாங்கலை. இந்நேரத்துக்குத் தொறந்தா உப்புத்தண்ணி உள்ள ஏறிரும், அப்பறம் என்னையத்தான் பேசுவீங்க. நேத்து அமாவாசை, தெரியும்ல? ரெண்டு ரெண்டரைக்கு மேல பாப்போம்."

இந்தக் கரையில் கடலின் ஏற்ற இறக்கம் பெரிதில்லை. ஒரு மீட்டர்கூட வராது. ஆனால் கடைமடை நிலத்தின் சாய்வும் அப்படி ஒன்றும் பெரிதில்லை. அந்தச் சின்ன வித்தியாசத்தை நம்பித்தான் மேலே இருக்கும் இத்தனை ஊர்த் தண்ணீரும் வடிகிறது. கடல் இறங்கியிருக்கும் நேரத்தில் மட்டும் கதவைத் திறக்கலாம், நாளுக்கு இரண்டு வேளை. கடல்மட்டம் கொஞ்சம் உயர்ந்தாலும் அந்த இரண்டு வேளையும் சுருங்கும். பருவநிலை மாற்றத்தைக் கணக்கில் கொண்டு வெண்ணாற்றுப் படுகையின் ஆறுகளை அகலப்படுத்தி, கரையை உயர்த்தி, கடைசி இயக்கு அணைகளைச் சீராக்கும் வேலைக்கு ஆசிய வளர்ச்சி வங்கி 2016-ல் 10 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது. அரிச்சந்திரா நதி, அடப்பாறு, வெள்ளையாறு, பாண்டவையாறு, வளவனாறு வடிகால், வேதாரண்யம் கால்வாய் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இந்த மதகுக்கு அடியில் போகும் வாய்க்கால் மாதிரி ஆயிரம் வாய்க்கால்கள் எந்தப் பட்டியலிலும் வராத சைஸ்.

"ரெண்டரை வரைக்கும் யாரு நிக்கிறது?" என்று ஒருவர் கேட்கிறார். தழை மறுபடி வந்து அடைத்தால் தள்ளிவிட ஆள் வேண்டும்.

"நான் நிக்கிறேன்" என்கிறார் பெரியவர். "தண்ணி எறங்குனா நானே வாமடைய வெட்டுவேன். அதுக்கு முன்னாடி எவனும் கைய வைக்கக் கூடாது."

"வெட்டுனதும் எனக்குக் கொரல் குடுங்க பெரியப்பா. நான் என் பக்கத்தைத் தொறக்கணும்."

"மொதல்ல நீ. அப்பறம்தான் அவ. மேலேருந்து ஒண்ணாத் தொறந்துவிட்டீங்கன்னா எம் பயிரு படுத்துரும்."

பெண் தலையாட்டுகிறார். மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகவேண்டும் என்று கிளம்புகிறவர், வரப்பில் பாதி தூரம் போய்க் குனிகிறார். இன்னொரு வளை.

இளைஞர் போனை எடுத்து ஏதோ அழுத்துகிறார்.

"என்னடா பண்ற?"

"ரெண்டேகாலுக்கு அலாரம் வைக்கிறேன்."

"கடலுக்கா?"

"லஸ்கருக்கு" என்கிறார்.